அந்தமான் பாப்பிங் பயணம்: பெட்டியில் எது போக வேண்டும், எது வீட்டிலேயே இருக்கலாம்

சென்னையிலிருந்து இரண்டு நண்பர்கள் மார்ச் மாதம் அந்தமான் போகிறார்கள். நான்கு நாள் படகு, முழுக்க லூர் எனப்படும் செயற்கை இரையை வீசிப் பிடிக்கும் மீன்பிடிப்பு, முதல் குறி ஜி.டி. எனப்படும் ராட்சதப் பாரை. இதுவரை கோவளம், பழவேற்காடு பக்கம் லேசான ராடில் (தூண்டில் கம்பில்) பிடித்த பழக்கம்தான். விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ. எந்த ராட், என்ன ரீல், எத்தனை பாப்பர், வேறு என்னவெல்லாம் எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாப்பரிலிருந்தே, அதாவது நீர்மட்டத்தில் நுரை கிளப்பிச் சத்தமிடும் லூரிலிருந்தே, தொடங்குகிறேன். காசும் எடையும் அதிகம் வீணாவது அங்கேதான். ஆளுக்கு ஆறு லூர் போதும்: மூன்று பாப்பர், மூன்று ஸ்டிக்பெய்ட் (அதிகச் சத்தமில்லாமல் மீன் போல நீந்தும் நீள லூர்). நிறத்தைப் பற்றி விடிய விடியப் பேசலாம். ஆனால் நுரையைக் கிளப்பிக்கொண்டு தலைக்கு மேலே ஓடும் ஒன்றை அடிக்க வரும் ஜி.டி., அதன் வயிறு ஊதாவா பச்சையா என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. வெளிர் ஒன்று, அடர் ஒன்று இருந்தால் சரி. எடைதான் முக்கியம். 120 முதல் 150 கிராம் வரை வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் பாப்பர் கடையில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அதைக் காலை ஆறு மணியிலிருந்து வீசி, ஒவ்வொரு முறையும் ‘பளக் பளக்’ என்று இழுத்துக்கொண்டு வந்தால் பத்து மணிக்குத் தோள் போய்விடும். மீன் அடிப்பது பதினொரு மணிக்காக இருக்கும்.

மூன்று பாப்பரில் இரண்டு வாய் அகலமாகக் குழிந்தவை. காற்றும் அலையும் இருக்கும் நாளுக்கு. மூன்றாவது கொஞ்சம் சிறியது. மார்ச்சில் அந்தமான் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அந்தத் தண்ணீரில் அதிகச் சத்தம் சில சமயம் மீனை விரட்டிவிடும். அப்போதுதான் ஸ்டிக்பெய்ட் வேலை செய்யும். மிதப்பது இரண்டு, மெதுவாக அமிழ்வது ஒன்று. மரத்தில் செய்தவை நன்றாக நீந்தும், ஆனால் பவளப்பாறையில் நாலு முறை மோதினால் வார்னிஷ் விரிந்து தண்ணீர் குடிக்கும். அதனால் ஹால்கோ ரூஸ்டா போல ஒரு பிளாஸ்டிக் பாப்பராவது பெட்டியில் இருக்கட்டும்.

இப்படி மிச்சமாகும் காசையும் எடையையும் லூருக்கும் பிரெய்டுக்கும் (ரீலில் சுற்றும் பின்னல் நூல்) நடுவே இருக்கும் சின்னச் சாமான்களில் போடுங்கள். ஹூக், ஸ்பிளிட் ரிங் (சாவி வளையம் மாதிரி), ஸ்விவல் (சுழலும் இணைப்பு), லீடர் (பிரெய்டு நுனியில் கட்டும் தடித்த தங்கூசி), முடிச்சு. ஜி.டி.யை இழந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றைத்தான் சொல்வார்கள். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து அரசு ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம்) மீனவர்களுக்கான கடைகள் உண்டு. தங்கூசி, சாதாரண முள், ஈயம் எல்லாம் கிடைக்கும். 200 பவுண்டு தாங்கும் ஸ்பிளிட் ரிங்கும் பெரிய ஒற்றை ஹூக்கும் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி விமானம் ஏறக் கூடாது.

ஹூக்: கடையில் லூருடன் வரும் ஹூக்கைப் பெரும்பாலும் கழற்றிவிட வேண்டியிருக்கும். 10 கிலோ ட்ராகில் (மீன் இழுக்கும்போது லைனை விட ரீல் காட்டும் பிடிப்பு) அது நிமிர்ந்துவிடும். மூன்று முனை ட்ரெபிள் போடுவதா, ஒற்றை ஹூக்கா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கட்சி ஒற்றை ஹூக். 9/0 முதல் 11/0 வரையிலான அளவு, லூருக்கு ஏற்றபடி. மாட்டிய மீன் எளிதில் கழன்றுகொள்ளாது, மீனுக்கும் காயம் குறைவு, கழற்றுவதும் சுலபம். பார்பை (ஹூக் முனையில் இருக்கும் எதிர்முள்ளை) வீட்டிலேயே ப்ளையரால் அழுத்தி மடக்கிவிடுங்கள். இது மீனுக்காக மட்டும் இல்லை. ஆடுகிற படகில், துள்ளுகிற 20 கிலோ மீனின் வாயில் இருக்கும் லூரின் இன்னொரு ஹூக் உங்கள் உள்ளங்கையில் ஏறினால், பார்ப் இல்லாத ஹூக் வந்த வழியே வெளியே வரும். பார்ப் இருந்தால் மூன்று மணி நேரம் படகோட்டி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பல படகுக்காரர்கள் பார்ப் மடக்கிய ஒற்றை ஹூக் மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று ஹூக் ஆளுக்கு ஒரு டஜன்.

ஹூக்கை மாற்றினால் லூரின் மிதப்பு மாறும். ஸ்டிக்பெய்டில் இது பெரிய விஷயம். பத்து கிராம் கூடினாலும் மிதக்க வேண்டியது அமிழும், அல்லது வாலைத் தொங்கப்போட்டு நின்று நீந்த மறுக்கும். கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு தண்ணீர் டிரம்மில் போட்டுப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும். அந்தக் கணக்கில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டால் மிதப்பு சரியாகத் தெரியும். எந்த லூருக்கு எந்த ஹூக் என்று முடிவான பிறகு, அந்தந்த ஜோடியைச் சின்ன ஜிப் பையில் போட்டு, மேலே மார்க்கரில் எழுதிவிடுங்கள். லூரில் ஹூக்கை மாட்டியபடி பெட்டியில் போடாதீர்கள். போய்ச் சேரும்போது ஆறு லூரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே உருண்டையாக இருக்கும்.

ஸ்பிளிட் ரிங்கில் நேராக லீடரைக் கட்டக் கூடாது. ரிங்கின் கம்பி முடியும் விளிம்பு தங்கூசியை அறுத்துவிடும். லீடரை ஒரு பற்றுவைத்த திட வளையத்திலோ பெரிய ஸ்விவலிலோ கட்டி, அதிலிருந்து ஸ்பிளிட் ரிங் வழியாக லூரை மாட்ட வேண்டும். லூர் மாற்றும்போது ரிங்கை மட்டும் திறந்தால் போதும். இதற்கு நல்ல ஸ்பிளிட் ரிங் ப்ளையர் தேவை. நகத்தால் திறக்கும் வேலையெல்லாம் இந்த அளவு ரிங்கில் நடக்காது.

லீடருக்கு 170 முதல் 200 பவுண்டு நைலான், 50 மீட்டர் சுருள் ஒன்று இருவருக்கும் போதும். பாப்பிங்குக்கு ஃப்ளூரோகார்பன் (உரசலைத் தாங்கும் விறைப்பான தங்கூசி) தேவையில்லை. நைலானின் நெகிழ்வு முதல் அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், முடிச்சும் நன்றாக இறுகும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. அதைப் படகில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, பிரெய்டு பறக்கப் பறக்கக் கட்டிப் பழகுங்கள், காற்றில் கட்டும் கை வந்துவிடும். வஞ்சிரமும் சீலாவும் அந்தத் தண்ணீரில் உண்டு, அவற்றின் பல் எந்த லீடரையும் கத்தரித்துவிடும். ஆறு லூர் நாலாகலாம். அதற்காகக் கம்பி லீடர் போட வேண்டாம், பாப்பரின் ஆட்டம் கெட்டுவிடும்.

இனி ராடும் ரீலும். பிரெய்டின் பி.இ. எண் தடிமனைக் குறிப்பது, பலத்தை அல்ல. பி.இ. 8 என்றால் ஏறத்தாழ 0.47 மி.மீ., பி.இ. 10 என்றால் 0.52 மி.மீ. அந்தமான் ஜி.டி.க்குப் பி.இ. 10 ராட் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். முதல் முறை போகிறவருக்கு அது வேண்டாம். பி.இ. 10 ராட் வளைவதற்கே உங்களிடம் அந்த அளவு பலம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அது கம்பு மாதிரி நிற்கும், மீன் இழுக்கும் பாரம் முழுக்க உங்கள் இடுப்பில் இறங்கும். பி.இ. 8 ராட், 7 அடி 8 அங்குலத்திலிருந்து 8 அடிக்குள், போதும். ரீல் ஷிமானோ ஸ்டெல்லா, டைவா சால்டிகா என்று சொல்லிக்கொண்டே போகலாம். அந்த விலைக்கு வாங்குவதாக இருந்தால் இன்னொரு முறை போகப்போகிறீர்களா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். ராடையும் ரீலையும் வாடகைக்குக் கொடுக்கும் படகுகள் உண்டு. என் யோசனை: பெரிய செட்டை வாடகைக்கு எடுங்கள், அதில் ஓடும் பிரெய்டையும் நுனியில் தொங்கும் எல்லாவற்றையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். வாடகை ரீலில் எப்போது சுற்றிய பிரெய்டு, அது எந்தப் பாறையில் எத்தனை முறை உரசியது என்பது யாருக்கும் தெரியாது.

18000 அளவு ரீலில் பி.இ. 8 ஏறத்தாழ 300 மீட்டர் கொள்ளும். எட்டு இழை பிரெய்டு நல்லது. அதை இறுக்கமாகச் சுற்ற வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஒருவர் சுருளை ஈரத் துணியால் பிடித்து அழுத்திக்கொள்ள, மற்றவர் ராடில் மாட்டிய ரீலால் சுற்ற வேண்டும். தளர்ந்து சுற்றிய பிரெய்டில் பெரிய மீன் இழுத்தால், மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து நின்றுவிடும். ட்ராக் வேலை செய்யாது, ஏதோ ஒன்று உடையும். சொந்த ஸ்பூல் (ரீலில் நூல் சுற்றும் உருளை) இல்லையென்றால் பிரெய்டைச் சுருளாகவே கொண்டுபோய், முதல் நாள் மாலை தங்குமிடத்தில் இருவரும் உட்கார்ந்து சுற்றிவிடுங்கள்.

ட்ராகை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு இருக்குமே, 50 கிலோ வரை காட்டுவது, அதுவே போதும். விமான நிலையத்துக்கும் அது வேண்டும், முடிச்சைச் சோதிக்கவும் அதுதான். செய்யும் முறை இது: ராடில் பிரெய்டைக் கோத்து நண்பர் கையில் கொடுங்கள். அவர் ராடைக் கிடைமட்டத்திலிருந்து கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கட்டும். நீங்கள் பிரெய்டு நுனியைத் தராசில் மாட்டி, மெதுவாகப் பின்னால் நடந்து இழுங்கள். லைன் நகரத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் எண் கொஞ்சம் ஏறிக் காட்டும், அதை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டுவதைப் பாருங்கள். அது 9 அல்லது 10 கிலோவில் நின்றால் போதும். ‘அவ்வளவுதானா’ என்று கேட்கத் தோன்றும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதியை நீட்டிய கையின் நுனியில் தொங்கவிட்டு நின்று பாருங்கள், தெரியும். அளந்ததும் ட்ராக் திருகின் அந்த இடத்தில் ஒரு மார்க்கர் கோடு.

இவ்வளவு இறுக்கம் ஏன் என்றால், ஜி.டி. அடித்த முதல் பத்துப் பதினைந்து வினாடியில் நேராகப் பவளப்பாறைக்குத்தான் ஓடும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் 200 பவுண்டு லீடரும் நூல்தான். நல்ல படகோட்டி அந்த நேரத்தில் படகை ஆழம் பக்கம் இழுத்து உதவுவார். இந்த மீன் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு கணக்கு: சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் ஏட்டில் உள்ள சாதனை 72.8 கிலோ, 2006ல் ஜப்பானின் தொகாரா தீவுகளில் பிடித்தது. உங்களுக்கு 15, 20 கிலோ மீன் ஒன்று மாட்டினாலே அன்றைக்கு இரவு கரண்டி பிடிக்கக் கை நடுங்கும்.

ஜிக்கிங் (கனமான உலோக லூரை ஆழத்தில் இறக்கி ஆட்டிப் பிடிப்பது) செட் எடுக்கலாமா என்றால், இருவருக்கும் சேர்த்து ஒன்று எடுங்கள். உச்சி வெயிலில் பாப்பருக்கு எதுவும் வராதபோது, அல்லது தோள் ஓய்ந்தபோது அது கைகொடுக்கும். பி.இ. 4 அல்லது 5 ராட், 150 முதல் 250 கிராம் ஜிக் ஐந்தாறு, 80 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர். பாறை உரசும் வேலை இது, இங்கே ஃப்ளூரோகார்பன்தான் சரி. களவா, சங்கரா வகைகள் வரும். பயணத்தில் பேரன் தீவு இருந்தால் மட்டும் கதை வேறு. போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 135 கி.மீ. தள்ளி, நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை. கரையை ஒட்டியே கடல் கிடுகிடுவென்று ஆழமாகும், டாக்டூத் சூரை அடிக்கும். அதற்கு பி.இ. 6ம் 300 கிராம் ஜிக்கும் வேண்டும். நான்கு நாள் பயணத்தில், அதுவும் முதல் பயணத்தில், அதை விட்டுவிடுங்கள் என்பேன்.

வாடகைக்கு எடுக்காமல் சொந்த ராடையே கொண்டுபோவதாக இருந்தால், அதை எடுத்துப்போவதுதான் தலைவலி. பாப்பிங் ராடில் பலவும் கைப்பிடி மட்டும் தனியாகக் கழலும். மேல் துண்டு இரண்டு மீட்டருக்குக் கிட்ட வரும். கடையில் விற்கும் ராட் குழாய் விலை அதிகம். ஹார்டுவேர் கடையில் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் வாங்கி, ஒரு பக்கம் மூடியை ஒட்டி, மறுபக்கம் மூடியைத் திருகால் இறுக்கினால் முடிந்தது. தடிமன் குறைந்த வகையாகக் கேளுங்கள். அப்படியும் 2 கிலோவுக்குப் பக்கம் போய்விடும். பெரிய வளையங்கள் இருப்பதால் 75 மி.மீ. குழாயில் இந்த ராட்கள் நுழையாது. ராடுகளை ஒன்றின் தலை ஒன்றின் காலுக்கு வருமாறு மாற்றி அடுக்கி, வளையங்களுக்கு நடுவே பழைய டி-ஷர்ட்டைச் சொருகுங்கள். குழாயை ஆட்டினால் உள்ளே சத்தம் வரக் கூடாது. நீளமான பொருளுக்கு விமான நிறுவனம் என்ன விதி வைத்திருக்கிறது என்பதை டிக்கெட் போடும்போதே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் நின்று வாதாடுவது வேண்டாம்.

எடைக் கணக்கு கையைக் கடிக்காது. குழாயும் மூன்று ராடும் மூன்றரை கிலோ, லூரும் ஜிக்கும் இரண்டரை, ஹூக்கும் கருவிகளும் இரண்டு, துணிமணி மூன்று நாலு. 15 கிலோவுக்குள் அடங்கும். ரீல் ஒவ்வொன்றும் 900 கிராமை நெருங்கும், அதைக் கைப்பையில் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் திறந்து காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். ஹூக், ஜிக், ப்ளையர், கத்தி எதுவும் கைப்பைக்குள் இருக்கக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கருவியில் ஒன்றை மறக்காதீர்கள்: 8 அங்குலக் கம்பி வெட்டி, அதாவது சின்ன போல்ட் கட்டர். யாராவது ஒருவருக்கு ஹூக் ஏறிவிட்டால், முதலில் மீனோடும் லூரோடும் இருக்கும் தொடர்பை வெட்டிவிட வேண்டும். இந்தத் தடிமன் ஹூக்கைச் சாதாரண ப்ளையர் வெட்டாது. வாங்கியதும் உங்கள் ஹூக் ஒன்றை வெட்டிப் பார்த்துவிடுங்கள், ஒரு ஹூக் போனால் போகிறது. அது சாமான் பையின் அடியில் கிடக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கட்டும்.

கையுறை இரண்டு வகை. வீசும்போது ஆள்காட்டி விரலைக் காக்கும் மெல்லியது ஒன்று. மீனைப் பிடிக்கத் தடித்தது ஒன்று. பாரையின் வால் அருகே வரிசையாக இருக்கும் முள் தகடுகள் வெறுங்கையைக் கீறிவிடும். கையுறை போட்டிருந்தாலும் லீடரைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. மீன் மறுபடி பாய்ந்தால் லீடரோடு கையும் போகும். போலரைஸ்டு கண்ணாடி வெயிலுக்கு மட்டும் அல்ல. மீன் அடித்து மாட்டாமல் போனால், வளைந்திருந்த ராட் விடுபட்டு அந்த 140 கிராம் பாப்பர் ஹூக்கோடு உங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பி வரும். படகில் இருக்கும்வரை கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் வேண்டும். இடுப்பில் கட்டும் சிறிய பட்டை ஒன்று, ராடின் அடிமுனை வயிற்றில் குத்தாமல் இருக்க.

உடை பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழுக்கைச் சட்டை, கழுத்தையும் முகத்தையும் மூடும் பஃப், நாடா வைத்த தொப்பி, ஈரத்தில் வழுக்காத செருப்பு. கொசு விரட்டியில் டீட் இருந்தால் அதைத் தடவிய கையோடு லூரையும் லீடரையும் கண்ணாடியையும் தொடாதீர்கள். அது பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். குமட்டலுக்கு அவோமின் போல ஏதாவது டாக்டரைக் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். சிலரை அது நாள் முழுக்கத் தூங்க வைத்துவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நிறையவே எடுங்கள்.

எடுத்துப்போகக் கூடாதவையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது உங்களோடு சேர்வதாக இருந்தால் சாட்டிலைட் போனையும் கார்மின் இன்ரீச் போன்ற கருவியையும் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தவர்களை விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். ட்ரோனும் அப்படித்தான், அந்தமான் ராணுவ முக்கியத்துவம் உள்ள இடம், அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

திரும்பும்போது உப்பு உங்களோடு வரும். தினமும் மாலை ரீலின் ட்ராகை இறுக்கிவிட்டு மேலாக நல்ல தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். பயன்படுத்திய ஹூக்கைப் புது ஹூக்கோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், இரண்டு நாளில் எல்லாவற்றிலும் துரு.

கடைசியாக, படகுக்காரரிடம் இன்றைக்கே கேட்க வேண்டியவை. ஒற்றை ஹூக்கா, ட்ரெபிளும் சரியா? வாடகை ரீலின் அளவு என்ன, ஸ்பூலை நான் சுற்றிக்கொள்ளலாமா? மீன்பிடி அனுமதி யார் பெயரில்? வாண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, ரிச்சி தீவுக்கூட்டத்தில் ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்கா என்று மீன்பிடிக்கக் கூடாத நீர்ப்பரப்பு அங்கே உண்டு; எல்லை எங்கே என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழிமுகத்தில் கொடுவாய்க்கு வீசும் திட்டமும் இருக்கிறது என்று அவர் சொன்னால் ஒரு லேசான ராட் கூட எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படகை விட்டு இறங்கித் தண்ணீரில் நின்று வீச வேண்டாம், அந்தச் சதுப்பு ஓடைகளில் உப்புநீர் முதலை இருக்கிறது. தயங்காமல் தமிழிலேயே பேசிப் பாருங்கள். போர்ட் பிளேரில் நம் ஆட்கள் நிறைய, படகில் ஒருவராவது தமிழ் பேசுகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம்.